55 டன், 250 குதிரை

நாமக்கல்லில் முதல் டிரெய்லர் வாங்கப் போகிறவர் பட்டறைக்குள் கால் வைத்ததும் வரும் கேள்வி, "என்ன லோடுங்க தம்பி?" என்பதுதான். இன்ஜின் பேச்சு அதற்கப்புறம். லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்போன ஊர். தெற்கே ஓடும் சமையல் எரிவாயு டேங்கர்களில் பெரும்பகுதியும் இந்த வட்டாரத்துக்காரர்களுடையதுதான். ரோட்டோரப் பட்டறை ஒன்றில், வெல்டிங் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒரு மெக்கானிக்கோடு உட்கார்ந்திருந்தேன். வயது அறுபதைத் தாண்டியவர், லேலண்டின் பழைய காமெட் லாரிகள் ஓடிய காலத்திலிருந்து இன்ஜின் பிரிக்கிறவர். அவரிடம் யோசனை கேட்க ஓர் இளைஞர் வந்தார். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், இப்போது சொந்தமாக ஒரு டிரெய்லர் எடுக்கப் போகிறார்.

"முந்நூறு ஹெச்.பி. எடுத்தறலாம்னு இருக்கேங்ணா."

"எடுக்கலாம். டியூ யாரு கட்டறது?"

தம்பி சிரித்து மழுப்பினார். பெரியவர் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். முன் அச்சுக்கு 7 டன், பின்னால் இரட்டை அச்சுக்கு 21, டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27, ஆக 55. பின்னால் ஒற்றை அச்சு என்றால் 21க்குப் பதில் 11.5தான், மொத்தம் 45.5க்கு இறங்கிவிடும். 2018இல் மத்திய அரசு அச்சுப் பளுவை உயர்த்துவதற்கு முன் உச்சவரம்பு 49 டன். வண்டியின் பெயரிலேயே பாதிக் கணக்கு இருக்கிறது. டாடா 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். லேலண்ட் 5525 அதே 55 டன்னை 250இல் இழுக்கும். தம்பி ஓட்டிப் பழகியது 4018. அதாவது, 40 டன்னுக்கு 180.

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு, நம் அளவில் 36 டன் சொச்சம். அதை இழுக்க 13, 15 லிட்டர் இன்ஜின்கள். 400, 500 குதிரை அங்கே சாதாரணம். நம் 5530இல் இருக்கும் கம்மின்ஸ் வெறும் 6.7 லிட்டர். டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் அங்கே பதினொன்று, பதினான்கு, இங்கே நாலரை, ஐந்தரை. மேட்டிலும் வேகம் குறையக்கூடாது என்று அவர்கள் வாங்குகிறார்கள். ஏறினால் போதும் என்று நாம் வாங்குகிறோம்.

அதனால்தான் லோடு முதலில் வருகிறது. கேஸ் டேங்கர் என்றால் 18 டன் வாயு. போகும்போது லோடு, திரும்பும்போது காலி, அதற்குள் வேறு எதையும் ஏற்ற முடியாது. பாதி ஓட்டத்துக்குக் காலி டேங்கரை இழுக்கப் பெரிய இன்ஜின் எதற்கு என்பது ஊர்க் கணக்கு, அதில் நியாயம் இருக்கிறது. இரும்பும் கிரானைட்டும் ஏற்றுகிறவர் கதை வேறு. தம்பி சேலத்திலிருந்து இரும்பு ஏற்றி வடக்கே போக நினைக்கிறார். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தொப்பூர் மேடு.

"குதிரையை விடு. இழுவையைப் பாரு" என்றார் பெரியவர். இழுவை என்று அவர் சொல்வது முறுக்குவிசையை. அந்த 6.7 லிட்டர் இன்ஜின் 1,100 நியூட்டன் மீட்டர் தரும். அதுவும் குறைந்த சுற்றிலேயே தரும் என்பதுதான் டிரெய்லர்காரருக்கு முக்கியம். ஒரே அளவு இன்ஜினிலிருந்து 180உம் எடுக்கலாம், 250உம் எடுக்கலாம். டர்போவும் டீசல் பாய்ச்சும் அளவும்தான் மாறும். ஆனால் எப்போதும் உச்சத்தில் உழைக்கும் இன்ஜின் சூட்டில் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஹெட் கேஸ்கட் போகும், பிறகு லைனர், பிஸ்டன். பிரித்துப் போட்டிருந்த ஒரு ஹெட்டில் வெடிப்பு ஓடிய இடத்தை விரலால் தடவிக் காட்டினார்.

இன்னொன்றை ஷோரூமில் யாரும் தானாகச் சொல்வதில்லை, பின் அச்சின் கிரவுன் விகிதம். அது கூடுதலாக இருந்தால் மேட்டில் நன்றாக இழுக்கும், ஆனால் சமதளத்தில் இன்ஜின் அதிகம் சுற்றி டீசலைக் குடிக்கும். குறைவாக இருந்தால் மைலேஜ் கிடைக்கும், மேட்டில் திணறும். தவறான கிரவுன் இருந்தால் 300 குதிரையும் வீண்.

தொப்பூரில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் போகிறது. தர்மபுரி பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது வீண் சாமர்த்தியம். இப்போதைய காமன் ரயில் இன்ஜின் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலையே நிறுத்திவிடும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் பிடிக்கும். பெரிய இன்ஜின் இறக்கத்தில் கூடுதலாகப் பிடித்து நிறுத்தும். இந்த ஒரு லாபத்தை வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

என்னைக் கேட்டால் ஊர்க் கணக்கில் இன்னோர் ஓட்டையும் உண்டு. சின்ன இன்ஜினில் மிச்சமாகும் டீசல் முதலாளியின் நோட்டில் ஏறுகிறது. மேடு முழுக்கக் கிளட்சை மிதித்துத் தேயும் டிரைவரின் இடது முழங்கால் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. அந்த கம்ப்ரஸரையும் இதே இன்ஜின்தான் சுற்றியாக வேண்டும். டியூ கட்டுகிறவரும் முழங்கால் தேய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இந்தத் தம்பிக்கு, 55 டன்னை 200 சொச்சத்தில் இழுப்பது சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டியைப் பற்றியும் பேச்சு வந்தது. பெரியவர் ஓடிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினின் ஆயில் மூடியைக் கழற்றி, துளைக்கு மேல் உள்ளங்கையை வைத்தார். காற்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது, குதிரை எத்தனை என்று கேட்கவே வேண்டாம். 2017இல் பி.எஸ்.4 நாடு முழுக்க வந்தபோது லேலண்ட் யூரியா ஊற்றத் தேவையில்லாத ஐ.இ.ஜி.ஆர். முறையைக் கொண்டு வந்தது. பம்பும் பழைய மாதிரி, கையால் பிரிக்கலாம். பட்டறைக்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. 2020இல் பி.எஸ்.6 வந்தபின் லேப்டாப்பை மாட்டாமல் பாதிக் கோளாறு பிடிபடுவதில்லை. அந்த வேலையை இவர் தன் பையனிடம் விட்டுவிட்டார்.

கடைசியில் 250 என்று முடிவானது. 300க்கும் இதற்கும் மாத டியூவில் வரும் வித்தியாசத்தில் டயருக்கு ஒதுக்கலாம் என்றார் பெரியவர். தம்பிக்கு முழு மனசில்லை. இருந்தும் தலையாட்டினார்.

"கொட்டேஷன் வாங்கறப்ப கிரவுன் என்னன்னு எழுதி வாங்கியாங்க. அதப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் கட்டோணும்."