மூன்றா, ஐந்தா?



சில மாதங்களுக்கு முன், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காகப் பைத்தான் மொழியில் ஒரு சிறு பயிற்சி நிரல் எழுதினேன். திரையில் ஒரு சொல் தோன்றும். அதில் எத்தனை எழுத்துகள் என்று மாணவர் எண்ணித் தட்ட வேண்டும். விடைகளை நான் எழுதி வைக்கவில்லை; நிரலே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவசரத்தில் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

'பள்ளி' என்ற சொல் வந்தது. ஒரு சிறுமி விரல்விட்டு எண்ணி 3 என்று தட்டினாள். தவறு, விடை 5 என்றது கணினி. அவள் என்னிடம் கேட்கக்கூட இல்லை. குறிப்பேட்டில் எழுதியிருந்த 3ஐ அழுத்தி அழித்துவிட்டு 5 என்று எழுதினாள். அடுத்துக் 'கோழி' வந்தபோது அவள் விரல்களை விரிக்கவே இல்லை. வாய்க்கு வந்த ஓர் எண்ணைத் தட்டினாள். கணினி பொய் சொல்லாது என்று குழந்தைகளிடம் சொல்லி வைத்தவர்களுள் நானும் ஒருவன்.

பிழைக்குக் காரணம் இதுதான். யூனிகோடு முறையில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியாகச் சேமிக்கப்படுவதில்லை. அகரமேறிய மெய் ஒரு குறி. அதன்மேல் வரும் கொம்போ விசிறியோ புள்ளியோ மற்றொரு குறி. ஆகவே 'பள்ளி' என்பது ப, ள, புள்ளி, ள, இகரக்குறி என ஐந்தாகிறது. பைத்தான் எண்ணுவது குறிகளை. நாம் எண்ணுவது எழுத்துகளை.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் சேர்ந்து 'ஓப்பன்-தமிழ்' என்ற தொகுதியை இலவசமாக அளித்துள்ளனர். சொல்லைக் கொடுத்தால் அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் மென்பொருள் என்றால் வட்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை வட்டிலிருந்து ஏற்றி, முதல் தமிழ் எழுத்து திரையில் வந்தபோது சுற்றி நின்ற நாங்கள் கைதட்டினோம். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்த காலம் அது. இப்போது வட்டும் இல்லை, சொடுக்கப் பொத்தானும் இல்லை. கறுப்புத் திரை ஒன்று. அதில் ஒரு கட்டளை வரி. 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பைத்தானுக்கான பொதுக் களஞ்சியத்திலிருந்து தொகுதி இறங்கி, உரிய இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

முதல் முயற்சியில், 'பிப்' என்றால் யாரென்றே தெரியாது என்றது என் கணினி. பைத்தானை நிறுவும்போது, பாதையில் சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் நான் குறியிடாமல் விட்டிருந்தேன். 'பிப்' என்பதற்கு முன்னால் 'பை -எம்' என்று சேர்த்துத் தட்டியதும் வேலை நடந்தது. பின்னர் இன்னொரு குழப்பம். நிறுவும்போது பெயர் 'ஓப்பன்-தமிழ்'. நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் 'தமிழ்'. இதற்கே அரைமணி நேரம் போயிற்று. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் கொண்ட மாணவர்களை நாம் அறியாதவர்களா?

பெயரைப் பார்த்துத் தட்டுங்கள். ஓரெழுத்து மாறிய பெயரில் தீய நிரல்களைக் களஞ்சியத்தில் போட்டு வைப்போர் உண்டு. ல, ள, ழ மயங்கினால் நாம் மதிப்பெண்தான் குறைப்போம்; இங்கே கணினியே பறிபோகலாம்.

பள்ளிக் கணினி அறையில் இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. அதனால் தெலுக் பங்லிமா காராங்கில் என் வீட்டிலேயே, 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'டவுன்லோட்' என்று கட்டளையிட்டுக் கோப்புகளை ஒரு விரலியில் இறக்கிக்கொண்டேன். மறுநாள், இணையத்தைத் தேடாதே, இந்தக் கோப்புறையில் பார் என்று சொல்லி நிறுவினேன். நிர்வாகி கடவுச்சொல் இல்லாத கணினிகளில் '--யூசர்' என்று சேர்த்தால் நம் கணக்குக்கு மட்டும் நிறுவலாம். 'பிப் லிஸ்ட்' என்றால் ஏற்றியவை யாவும் பட்டியலாக வரும். 'பிப் ஃப்ரீஸ்' பதிப்பு எண்ணோடு தரும். அதை ஒரு கோப்பில் சேமித்தால் அடுத்த கணினியில் அதே பதிப்புகளை அப்படியே நிறுவலாம். கறுப்புத் திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். எழுத்துருக் குறைதான், நிரல் சரியாகவே எண்ணுகிறது.

அடுத்த வாரம் அதே பயிற்சியைத் திறந்தோம். 'பள்ளி' வந்ததும் அச்சிறுமி தயங்காமல் 5 என்று தட்டினாள். தவறு, விடை 3 என்றது கணினி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முதலில் நீ எண்ணியதே சரி அம்மா, ஆசிரியர் எழுதிய நிரல்தான் தவறு என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னேன். அவள் குறிப்பேட்டை எடுத்தாள். முன்பு அழுத்தி அழித்த இடத்தில் தாள் சற்றுக் கிழிந்திருந்தது. அதன் பக்கத்தில் 3 என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்கு விரல்களை விரித்தாள்.

திருத்திய நிரல் வேண்டும் ஆசிரியர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். சொற்பட்டியலை மட்டும் உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.