கட்டத்துக்குள் கடலூர்

சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, இன்னும் ஒரே ஒரு முறை!" என்று குரல் கொடுத்துவிட்டு, சிம்மாசனத்தை விட்டு எழுந்திராத சக்கரவர்த்தி யாராவது உங்கள் வீட்டில் உண்டா? கடலூரில் என் அக்கா வீட்டில் ஒருவர் இருக்கிறார். வயது பதினாலு. கம்ப்யூட்டரில் 'சிவிலைசேஷன்' ஆடுகிறார்.

சதுரங்கம் போல இதிலும் மாறி மாறித்தான் காய் நகர்த்த வேண்டும். பூமி முழுவதும் கட்டங்கள். 1991-ல் வந்த முதல் ஆட்டத்தில், ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் இட்லித் தட்டுப் போல அடுக்கலாம். 2010-ல் வந்த ஐந்தாவது ஆட்டத்தில் சட்டம் மாறிவிட்டது; கட்டத்துக்கு ஒரு படைதான். எது நியாயம் என்று ஆட்டக்காரர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

"இதில் நம்ம ஊர் எங்கேடா?" என்றேன்.

"எல்லாம் இந்த ஒரு கட்டத்துக்குள்ளே அடங்கிடும், சித்தி!"

வாஸ்தவந்தான். அதன் மிகப் பெரிய உலகப் படத்தில் குறுக்கே 128 கட்டங்கள். பூமியின் சுற்றளவோ சுமார் 40,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். சென்னை, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் எல்லாமே ஒரு கட்டம்! அங்கே ஒரு படைதான் நிற்கலாம் என்றால், 1781-ல் இங்கே நடந்த யுத்தத்தை எங்கே கொண்டு வைப்பது?

அப்போது ஹைதர் அலியின் சைனியம் இந்தச் சீமையெங்கும் பரவியிருந்தது. கும்பினியின் சேனாதிபதி அயர் கூட், கப்பலில் வரும் அரிசியை நம்பிக் கடலூரில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தார். சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கி, உள்ளே தானியம் சேர்த்து வைத்திருந்தார்கள் ஹைதரின் ஆட்கள். ஜூன் 18-ந் தேதி கூட் அதைத் தாக்கினார், அடிபட்டுத் திரும்பினார். ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டை அருகே பெரிய சண்டை. கூட்டிடம் சுமார் 8,000 பேர். ஹைதரிடம் 40,000 என்பார்கள். 80,000 என்பாரும் உண்டு. கடலோர மணல் மேடுகளின் மறைவில் புகுந்து வந்து கூட் பக்கவாட்டில் தாக்க, அவ்வளவு பெரிய சேனை பின்வாங்கிற்று. ஆளைக் குவித்தால் மட்டும் ஆயிற்றா?

என்னைக் கேட்டால் பழைய சட்டமும் தப்பு, புதுச் சட்டமும் தப்பு. பந்தியில் எத்தனை இலை என்பதைக் கூடத்தின் நீள அகலமா தீர்மானிக்கிறது? உக்கிராண அறையல்லவா! ஆளுக்கு அரைப்படி என்று வைத்தாலும், கூட்டின் 8,000 பேருக்கு நாள் ஒன்றுக்கு 4,000 படி அரிசி வேண்டும். மாட்டுக்காரர்களும் சுமைகூலிகளும் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.