கை அறியும் ஆழம்

வயிற்றில் சிறு துளைகளிட்டு, உள்ளே செலுத்திய கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடியே பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சையை, 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் தொடங்கிவைத்தார். நோயாளிக்கு அது பெரும் ஆறுதல், கற்பவருக்கோ பெரும்பாடு. நீண்ட கருவி வயிற்றுச் சுவரின் துளையில் ஊன்றித் திரும்புவதால், கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் நுனி தாழும். போதாக்குறைக்குத் தட்டைத் திரையில் ஆழமும் தெரிவதில்லை.

அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இருக்கும் நம் தங்கை மகள், பொங்கல் விடுமுறைக்குச் சந்தவாசல் வந்தபோது ஓர் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தாள். மேலே இரு துளைகள், உள்ளே ஒரு கேமரா, இரண்டு கிண்ணங்கள், ஒரு பிடி கொண்டைக்கடலை. நீண்ட இடுக்கிகளால் கடலையைக் கிண்ணம் மாற்ற வேண்டும். திசை மாறும் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்; கைதான் கேட்காது. "எனக்கு இது வராமலே போயிடுமோ?" என்று ஓரிரவு அவள் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

ஆரணிப் பட்டு நெய்து 40 ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்த பெரியப்பா, தாமும் பார்ப்போமென்று உட்கார்ந்தார். (நெசவாளியின் கைக்கு உடனே வசப்படும் என்று எதிர்பார்த்தோம், கதைகளில் அப்படித்தானே நடக்கும்!) அவரும் திணறினார். தறி பழக்கிய இடவுணர்வு தறிக்கே உரியது போலும். சற்று நேரம் கழித்து, "மூடியைத் திறம்மா" என்றார். நுனியை நேரே பார்த்தபடி பெட்டியின் நான்கு சுவர்களையும் மெல்லத் தொட்டார், அடித்தளத்தைத் தட்டினார். மூடச்சொல்லி, திரையைப் பார்த்து அதே தொடுதல்களைத் திரும்பச் செய்தார். கடலை அகப்படவில்லை. ஆனால் நுனி எங்கிருக்கிறது என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை.

2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கணினிப் பாவனைக் கருவியில் முன்பயிற்சி பெற்ற இளம் மருத்துவர்கள், பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை மற்றவர்களைவிட 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். அக்கருவி தொடுவுணர்வு எதையும் தரவில்லை. கையசைவையும் திரையையும் இணைத்துப் பழக்கியதற்கே அவ்வளவு பலன். அட்டைப்பெட்டியிலோ சுவர் கையைத் தடுக்கிறது. திரை மறைக்கும் ஆழத்தை அந்தத் தடைதான் சொல்லித்தருகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த இரண்டு நாட்கள் அவள் கடலையை விட்டுவிட்டுச் சுவர்களையே தொட்டுப் பழகினாள். மூன்றாம் நாள் 11 கடலைகள் கிண்ணம் மாறின. நான்கு கீழே சிதறின.