இன்னைக்கு மட்டும்

இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ‘என் எதிர்காலம்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். கலெக்டர் ஆவேன், டாக்டர் ஆவேன் என்று நிறையப் பேர் எழுதுவீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் (ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நடக்கும் வகுப்பு) தானியேல் நாடகம் போடுவோம். சிங்கமாக நடிக்கத்தான் பையன்களுக்குள் அடிதடி. ஆனால் வேதாகமத்தில் சிங்கக் கெபிக்கு முன்னாலேயே ஒரு விஷயம் இருக்கிறது. தானியேல் தினமும் மூன்று வேளை, ஜன்னல் திறந்திருக்கிற தன் அறையில் ஜெபம் பண்ணுவார். கூடாது என்று ராஜா சட்டம் போட்ட பிறகும் அதையேதான் செய்தார். அன்றைக்குப் புதுசாக தைரியம் வரவில்லை, பழைய பழக்கம்தான் என்று எனக்குத் தோன்றும். சின்ன வயதில், ராஜா வீட்டுச் சாப்பாடு வேண்டாம், பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றாரே, அப்போதே ஆரம்பித்தது அது. எங்கள் நாடகத்தில் ஜன்னல் சீன் ஒரு நிமிஷம்தான் வரும். அதற்குக் கைதட்டலும் கிடையாது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் கதையும் இப்படித்தான். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்க அவருக்கு விருப்பம் இல்லை. ஒரு ராத்திரி மூன்று பேர், ஒருத்தர் போனபின் ஒருத்தராக வந்து, பிரசவத்தில் கஷ்டப்படும் தங்கள் மனைவியைப் பார்க்க வரச்சொல்லிக் கேட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாது என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் டாக்டராக முடிவு பண்ணினார்.

இதைக் கேட்டால் எல்லாருக்கும் அழுகை வரும். எனக்கு என்ன தோன்றுமென்றால், 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்குகிற வரைக்கும் எத்தனை சாதாரண செவ்வாய்க்கிழமை வந்திருக்கும்! எலும்பு பேரெல்லாம் மனப்பாடம் பண்ணும்போது தூக்கம் வந்திருக்காதா? அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. 1900-ல் ஒரே ஒரு கட்டில் போட்டு வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1922-ல் அதில் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

அம்மா பீடி சுற்றுகிறார்கள். 25 பீடி ஒரு கட்டு. அக்கா எட்டாவது படிக்கும்போது, கடையில் கொடுக்க நேரமாகிவிட்டால், “ஏட்டி, இன்னைக்கு மட்டும் ரெண்டு கட்டு சுத்திக் குடு” என்பார்கள். அந்த ‘இன்னைக்கு மட்டும்’ வாரத்தில் நாலு நாள் வந்தது. அப்புறம் இலை வாங்கப் போகிற அன்றைக்கு மட்டும் லீவு. அப்புறம் மறுநாளும் லீவு. பத்தாவதில் கணக்குப் பரீட்சையில் அக்கா பெயில். படிக்க வேண்டாம் என்று யாரும் அவளிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்! அம்மாவைக் குறை சொல்லி எழுதவில்லை. அப்பாவுக்கு வேலை இல்லாத மழைக்காலத்தில் அந்தச் சுளகிலிருந்துதான் எங்களுக்கு அரிசி வந்தது.

இந்த ஜூன் மாதம் அக்காதான் அம்மாவிடம் பேசினாள். எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் ஒரு நாளும் நின்றதில்லை. காய்ச்சல் என்றாலும் உண்டு, விருந்தாள் வந்தாலும் உண்டு. “ஜெபத்துக்கு ‘இன்னைக்கு மட்டும் வேண்டாம்’னு நீ சொன்னதே இல்லையே. அது மாதிரி இவ படிப்புக்கும் ஒரு நேரம் வைம்மா” என்றாள். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நூலைக் கடித்துக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் “சரிட்டி” என்றார்கள்.

இப்போது ஏழு மணி ஆனால் அக்கா என் மடியிலிருந்து சுளகை வாங்கிக்கொள்வாள். என் பங்கையும் அவளே சுற்றுகிறாள். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஜெபம் முடிந்ததும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவாள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. தனித்தேர்வு எழுதப் போகிறாள்.

நேற்று கரண்ட் இல்லை. அம்மாவே, “இன்னைக்கு மட்டும் படுங்களேன்” என்றார்கள். அக்கா சிரித்துக்கொண்டே செல்போன் லைட்டைப் போட்டாள். விடை தப்பாக வந்தது. இன்றைக்கு அதையே திரும்பப் போட வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன், அக்கா யாருக்காவது இருபடிச் சமன்பாடு நன்றாகத் தெரியுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஏழு மணிக்கு மேல் விழித்துத்தான் இருப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி