கானிகோபோலி சார்!

‘கானிகோபோலி’ என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. கேட்டதும் என்ன தோன்றுகிறது? மோனோபோலிக்குத் தம்பியா? இத்தாலிக்காரர்கள் சாப்பிடுகிற சமாசாரமா? இரண்டும் இல்லை. சாட்சாத் நம்ம கணக்குப்பிள்ளை!

இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் வாயில் புழங்கிய வார்த்தைகளுக்கென்றே 1886-ல் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்று ஒரு அகராதி வந்தது. தொகுத்தவர்கள் யூல், பர்னெல். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல், பாவம், அது அச்சாவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதில் நம்மவருக்கும் ஒரு இடம் உண்டு.

பிள்ளை எப்படிப் ‘போலி’ ஆனார்? முதலில் அவர் மாட்டியது போர்ச்சுகீசியர்களிடம். முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிஸ் சேவியரின் 1544-ஆம் வருஷக் கடிதத்திலேயே கணக்கப்பிள்ளை தலைகாட்டுகிறார். மிச்சத்தை இங்கிலீஷ்காரர்கள் கவனித்துக்கொண்டார்கள். அவர்கள் காதுக்கு எங்கள் சைதாப்பேட்டையே சாட்சி. 1726-ல் அடையாற்றின் குறுக்கே ஆர்மீனிய வியாபாரி உஸ்கான் கட்டிய பாலத்தை அவர்கள் ‘மார்மலாங் பாலம்’ என்றார்கள். மார்மலாங் வேறெதுவுமில்லை, மாம்பலம்! இன்று அங்கே நிற்பது மறைமலை அடிகள் பாலம். பிழைத்தோம்.

1744-ல், பதினெட்டு வயசில், மதராஸில் வந்து இறங்கிய ராபர்ட் கிளைவுக்கு ‘ரைட்டர்’ உத்தியோகம். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, கம்பெனி குமாஸ்தா. பேனா பிடித்த இரண்டு பேரில் ஒருத்தர் லார்டு ஆனார். இன்னொருத்தர் அகராதியில் ஒரு வார்த்தையானார். அதுவும் இப்போது வழக்கொழிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ‘ரைட்டர்’ இங்கிலாந்தில் எப்போதோ காலாவதி. இங்கே எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் “ரைட்டர் இருக்காரா?” என்று கேளுங்கள், நிமிர்ந்து பார்ப்பார். அவர்கள் தொலைத்ததை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். நம்முடையதை?

என் தாத்தா அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. தெருவே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிட்டது. அதே வரவு, அதே செலவு, அதே மாசக் கடைசித் தலைவலியோடு நான் ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்’. ஆபீஸில் யாராவது என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டால் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் அர்த்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பெயருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, நமக்குத்தான் கசந்துவிட்டது.

இனிமேல் யாராவது “நீ வெறும் கிளார்க்தானே?” என்றால், “இல்லை சார், கானிகோபோலி” என்று சொல்லிப் பாருங்கள். அவர் அகராதியைப் புரட்டி முடிப்பதற்குள் சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்துவிடலாம்.