ஏர்பேடு ரோட்டில் இரண்டு வாசல்கள்

ஜூன் கடைசியில் சித்தூருக்குப் போகிறவர்கள், நேரத்துக்குப் போய்ச் சேர்வோம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். சாலையெல்லாம் மாங்காய் டிராக்டர்கள். நாம் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்லி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்கிற அதே காய்தான். அங்கே அதற்குத் தோத்தாபுரி என்று பெயர். பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025 சீசனில் விளைச்சல் கொட்டியது, ஆலைகள் கையை விரித்தன. ஆலை தருவது 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 என்று ஆந்திர அரசு அறிவித்தது. அறிவித்த விலை வேறு, ஆலை வாசலில் ராத்திரியெல்லாம் கொசுக்கடியில் கிடப்பவர் கையில் விழுவது வேறு.

அப்படியொரு வரிசையில் என் அக்கா வீட்டுக்காரர் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான், மகளுக்கு ஐஐடி திருப்பதியில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்த செய்தி போனில் வந்தது. முன்னும் பின்னும் நின்ற டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம். விலை கிடைக்காத அந்த வருஷத்தில் அவர் செய்த ஒரே ஆடம்பரச் செலவு அதுதான் என்று அக்கா சொன்னாள்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் மகள்தான். ஐசருக்கும் பரீட்சை எழுதியிருந்தாள். அடிப்படை அறிவியல் படிப்பதற்கென்றே மத்திய அரசு நடத்தும் ஏழு நிறுவனங்களில் ஒன்று, அதுவும் திருப்பதியில்தான். சொந்தக்காரர்களோ மூன்றாவதாக ஒரு யோசனை வைத்திருந்தார்கள்: சிவிலாவது மண்ணாங்கட்டியாவது, வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ். சென்னை பக்கத்தில்தான் இருக்கிறது, வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனாலும் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் அவள் வெளிமாநிலத்துப் பெண், அதனால் அந்தப் பேச்சு எழவில்லை. "நீ வந்து பேசு. எங்க பேச்சை அவ கேக்க மாட்டேங்கிறா" என்று அக்கா கூப்பிட்டாள்.

ஐஐடி சீட்டுக்கான பணத்தை மட்டும் முதல் நாளே கட்டிவிடச் சொன்னேன். முந்தின வருஷம் உத்தரப் பிரதேசத்து அதுல் குமாருக்கு நடந்தது மனசில் இருந்தது. தன்பாத் ஐஐடியில் சீட் கிடைத்த தலித் மாணவர், அப்பா தினக்கூலி. 17,500 ரூபாயை 2024 ஜூன் 24 மாலை ஐந்து மணிக்குள் கட்ட முடியவில்லை, சீட் போய்விட்டது. அந்த ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் செப்டம்பர் 30 அன்று அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவைக் கையில் எடுத்து, கூடுதலாக ஓர் இடம் உண்டாக்கிக் கொடுக்கச் சொன்னது. பதினேழாயிரத்துச் சொச்சத்துக்காக டெல்லி வரை போக நமக்குத் தெம்பு கிடையாது. பணத்தைக் கட்டிவிட்டால் சீட் ஒதுக்கீட்டின் கடைசிச் சுற்றுக்கு முன்புவரை வேண்டாம் என்று விலகிக்கொள்ள வழி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் இரண்டு இடங்களையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று அவளைக் கிளப்பினேன்.

அக்கா வீடு கட்டமஞ்சியில். சித்தூர்க்காரர்களுக்கு அது ஏரி இருக்கிற இடம். தெலுங்கு படித்தவர்களுக்கு அது ஒரு மனிதரின் இனிஷியல். கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி, சி.ஆர். ரெட்டி, 1880-இல் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, அரசாங்க உதவித்தொகையில் 1902-இல் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குக் கப்பலேறினார். அங்கே மாணவர் யூனியனின் துணைத் தலைவர் வரைக்கும் போனார். திரும்பி வந்து பரோடாவிலும் மைசூரிலும் பாடம் சொல்லிவிட்டு, 1926-இல் தொடங்கிய ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் ஆனார். பெரிய இடத்தில் படிக்கப் போனதன் பலன் என்று எடுத்துக்காட்ட இதைவிட நல்ல ஆள் கிடையாது. பஸ் சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டும்வரை இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

திருப்பதியில் இறங்கியதும் என் எடுத்துக்காட்டை நானே கெடுத்துக்கொண்டேன். இந்த ஊரின் லுத்தரன் மிஷன் பள்ளியில் 1896 முதல் நான்கு வருஷம் ஒரு பையன் படித்தான். ஊர் திருத்தணி, 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்துவிட்டு அப்புறம் நம் பக்கம் வந்த ஊர். திருப்பதிக்குப் பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, அதன்பின் அதே சென்னைக் கிறித்தவக் கல்லூரி. தத்துவத்தில் ஆசைப்பட்டு அதை எடுத்தவரும் இல்லை. உறவுக்காரப் பையன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன, எடுத்தார். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் மாணவராக உட்காராத அவர்தான் 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பேராசிரியராகப் போன ராதாகிருஷ்ணன். அதற்கு முன் ஐந்து வருஷம், 1931 முதல், அவர் உட்கார்ந்திருந்தது ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலியில். சி.ஆர். ரெட்டி எழுந்த நாற்காலி. 1936-இல் இவர் எழுந்ததும் அவரே மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலிக்குத்தான் வந்தாங்கன்னா, என்னை எதுக்கு சித்தி இவ்ளோ தூரம் இட்டுகினு வந்தே?"

பதில் இல்லை. ரேணிகுண்டா வழியாகக் காளஹஸ்தி போகும் பஸ்ஸில் ஏறினோம்.

ஏர்பேடு பெரிய ஊர் இல்லை. ரேணிகுண்டா – கூடூர் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன், கொஞ்சம் கடைகள், செம்மண், தூரத்தில் மலை. மாநிலம் 2014-இல் பிரிந்தபோது ஆந்திராவுக்கு ஐஐடி, ஐசர் எல்லாம் தருவதாகச் சட்டத்திலேயே எழுதினார்கள். 2015-இல் இரண்டும் திருப்பதியில் தொடங்கின; தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளின் கட்டடங்களில் குடியிருந்துவிட்டு, இப்போது இரண்டுமே இந்த மண்டலத்தில் சொந்த இடத்துக்கு வந்துவிட்டன. ஒன்றைத் தூக்கி வளர்த்தது ஐஐடி மெட்ராஸ், மற்றதை ஐசர் புனே. நாங்கள் பார்த்ததெல்லாம் வாசலும் மதிலும் உள்ளே தெரிந்த புதுக் கட்டடங்களும்தான். புகழ்பெற்ற கல்வி நிறுவனம் என்றால் பழைய மரமும் பாசி பிடித்த சுவரும் எதிர்பார்க்கிற என் கண்ணுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். அவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

டீக்கடையில் ஐசரில் படிக்கிற சேலத்துப் பையன் ஒருவன் கிடைத்தான். தமிழ் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "முதல் ரெண்டு வருஷம் எல்லாத்தையும் படிக்கணுங்க. கணக்கு வேண்டாம்னு பயாலஜிக்கு வந்தவனும் கணக்கு எழுதியே ஆகணும். அப்புறம்தான் எதுல போறதுன்னு நாம முடிவு பண்ணலாம்." இது எனக்குப் பிடித்தது. ஐஐடியில் ரேங்க் வந்த வேகத்தில் பாடப்பிரிவும் முடிவாகிவிடுகிறது. பதினேழு வயதுப் பெண், பார்த்தே இராத ஒரு தொழிலின் பெயருக்கு நேரே கிளிக் செய்கிறாள். இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்தால் வருஷத்துக்கு 80,000 ரூபாய் என்றும் சொன்னான். அப்புறம் வேலை? சிரித்தான். ஐந்து வருஷம், அதன் மேல் பிஎச்டி. "எங்க வீட்டுல இன்னும் நான் டாக்டருக்குப் படிக்கிறேன்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க."

என் மனசு ஐசர் பக்கம் சாய்ந்துவிட்டது. சொல்லவும் செய்தேன். மாதா மாதம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஆராய்ச்சி மேல் மரியாதை சுலபமாக வரும். அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐஐடியில் படிப்புக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, ஒரு லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி. "இந்த வருஷம் நைனாவோட வருமானத்துக்கு முழுசாவே தள்ளுபடி பண்ணிடுவாங்க" என்றாள். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

திரும்புகிற வழியில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் போர்வெல் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டு வண்டி, தென்னிந்தியாவில் எங்கே பூமியைத் துளைத்தாலும் அந்த ஊர்ப் பெயர் எழுதிய லாரிதான் வந்து நிற்கும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் சித்தூர். மாமரமும் மாட்டுப்பாலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன. ஹந்திரி-நீவா கால்வாயில் கிருஷ்ணா தண்ணீர் வருகிறது வருகிறது என்று அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நைனா போர் போடறப்பல்லாம் ஒருத்தர் உள்ளங்கையில தேங்காய வெச்சுகினு நிலம் பூரா நடப்பாரு. தேங்காய் எழுந்து நின்னா அங்க தண்ணி. காசு வாங்கிகினு போவாரு, தண்ணிதான் வராது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, நிலத்தடித் தண்ணி சிவில்லதான வருது?"

வரும் என்றேன். நீர்வளம் சிவிலில் ஒரு பெரிய பிரிவு. அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. சந்திரகிரி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

விலகிக்கொள்வதற்கான கடைசித் தேதியன்று அக்கா காலையிலிருந்தே எனக்குப் போன் செய்துகொண்டிருந்தாள், என்னவோ நான்தான் பொத்தானை அழுத்தப்போகிறேன் என்பதுபோல. மகள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லையாம். மாங்காய் வரிசைக்கு அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனவள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினாளாம். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் போன வருத்தம் இன்னும் தீரவில்லை. எனக்கும் அந்தச் சேலத்துப் பையன் சொன்ன இரண்டு வருஷம் இவளுக்குக் கிடைத்திருக்கலாமே என்று அவ்வப்போது தோன்றுகிறது.

ஐஐடியில் சேர்ந்து சில வாரம் கழித்துப் போனில் பேசினாள். ஹாஸ்டல் சாம்பார் தித்திக்கிறதாம், ரூம்மேட்டுக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. சிவில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சித்தி. இப்போ கணக்கும் ஃபிசிக்ஸும்தான் போவுது. தண்ணி சமாச்சாரமெல்லாம் பின்னாலதான் வருமாம். அதுக்குள்ள நைனா இன்னொரு போர் போட்டுடப் போறாரு. நீ கொஞ்சம் போன் பண்ணித் தடுத்து வை."