ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்குங்க

வானொலி கேட்பவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. தொலைபேசியில் வரும் நேயரிடம் அறிவிப்பாளர் முதலில் சொல்வது இதைத்தான். போன தை மாதம் நானும் ஒரு நேரலை நிகழ்ச்சியில் பேசினேன். எங்கள் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்துவந்த, மறைந்த நண்பரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆசை. ரேடியோவை அணைத்தே வைத்திருந்தேன். அப்படியும் நான் பேசியது சற்றுப் பிந்தி என் காதுக்கே திரும்பி வந்தது. நாக்கு குழற, பாதியிலேயே "நன்றி" சொல்லி வைத்துவிட்டேன். நெய்வேலியில் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, "அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று பதறிப்போனாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'திக்தே' உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பின்வரிசைப் பையன் முந்தைய சொல்லை முணுமுணுத்தால் என் பேனா நின்றுவிடும். அதே கதைதான்.

2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி தொடங்கியது. பிறகு பல கல்லூரிகளிலும் வந்துவிட்டது. அப்படி ஒன்றில் என் பேரன் வேலை பார்க்கிறான். "தாத்தா, தொலைபேசி நேரலைக்குப் புது சவுண்ட் கார்டு வாங்குறோம். லேட்டன்சி, அதாவது தாமதம், குறைவா இருக்கணும்" என்றான். விளக்கம் கேட்டேன்.

கணினி குரலை நொடிக்கு 48,000 துணுக்குகளாக வாங்குகிறதாம். 256 துணுக்கு சேர்ந்ததும் ஒரு கட்டாக அனுப்பினால் தாமதம் சுமார் 5 மில்லி நொடி. 1,024 என்றால் 21. உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை. எனக்கு அலுவலகத் தபால் ஞாபகம் வந்தது. கட்டு பெரிதானால் தபால் காத்துக் கிடக்கும். ஒவ்வொரு தாளாக அனுப்பினால் பியூன் ஓடி மாளாது. கணினியும் அப்படித் திணறினால் குரலில் 'டக் டக்' என்று வெட்டு விழும். அதனால் தயாரிப்பாளரே ஆசியோ டிரைவர் தரும் கார்டு நல்லது.

"சரி, அதை வாங்கினா என் குரல் எனக்கே திரும்பி வராதா?" என்றேன். யோசித்தான். கைபேசி வலையமைப்பில் ஆகும் தாமதமே 100 மில்லி நொடியைத் தாண்டலாம். ப்ளூடூத்தில் இணைத்தால் இன்னும் கூடும். கார்டில் பத்து மில்லி நொடி மிச்சம் பிடித்து என்ன பயன்? நேயருக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரலை மட்டும் கழித்துவிட வேண்டும். இதற்கு 'மிக்ஸ் மைனஸ்' என்று பெயர். நேயருக்கென்று கார்டில் தனி வெளியீடு இருந்தால் இது சுலபம். விலைப்பட்டியலில் லேட்டன்சி கொட்டை எழுத்தில் இருந்தது. வெளியீடு எத்தனை என்பது பொடி எழுத்தில். கடைசியில், நாலு வெளியீடு உள்ள நடுத்தர விலைக் கார்டை வாங்கினார்கள்.

சோதித்துப் பார்க்க என்னை அழைத்தான். குரல் திரும்பி வரவில்லை. விட்டுப்போன அந்த நாலு வார்த்தையையும் சொல்லி முடித்தேன். ஒலிபரப்பாகவில்லை, பேரன் மட்டும் கேட்டான்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் வயசை நொந்துகொள்ளாதீர்கள். தன் குரலே 200 மில்லி நொடி பிந்தி வந்தால் இளவட்டமும் தடுமாறும். "என் குரல் எனக்கே கேட்குதுங்க" என்று அறிவிப்பாளரிடம் சொல்லுங்கள்.